ஷேர் ஆட்டோவுக்கு ரசீது கேட்டவர்

பஸ் டிக்கெட்டை அவர் முதலில் பின்பக்கம்தான் பார்ப்பார். பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பார்ப்பார். பிறகு திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டிக்கெட்டை மூக்கு நுனி வரைக்கும் கொண்டுபோய், கண்டக்டரின் மிஷின் அடித்திருக்கிற நேரத்தைப் படிப்பார். அதற்குள் பில் கொடுத்தவனுக்கு வியர்த்துவிடும். நிஜமாகவே பஸ்ஸில் போய் வந்தவனுக்கும் வியர்க்கும்.

ஆம்பூரை ஒட்டி நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு ஷூ கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஆட்கள் வருவது, போவது, லீவு, ஓவர்டைம் எல்லாம் என் பதிவேட்டில். அவர் அக்கவுண்ட்ஸில். எங்கள் இரண்டு மேஜைகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். கம்பெனி வேலையாக யார் வெளியூர் போய் வந்தாலும் அந்தச் செலவு பில் அவர் கையைத் தாண்டித்தான் பணமாக வேண்டும். பச்சை மையில் அவர் ஒரு டிக் போட்டால் பணம் வரும். போடாவிட்டால் வராது. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கம்பெனியில் அவர் டிக்கெட் சார்.

மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் ஒருவர், வேலூரில் ஏதோ சாமான் வாங்கிவிட்டு வந்து டிக்கெட் கொடுத்தார். வேலூரில் மூன்று மணிக்கு ஏறியதாக டிக்கெட் சொன்னது. எங்கள் கேட்டில் மூன்றரைக்கு உள்ளே வந்ததாக அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அரை மணில வேலூர்லருந்து ஆம்பூரா? பஸ்ஸு இன்னா, பறந்து வந்துச்சா?"

ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். தோஸ்த் ஒருவனின் பைக்கில் வந்ததையும், சாயந்திரம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் கீழே கிடந்த டிக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டதையும் ஒத்துக்கொண்டார். இவர் திட்டவில்லை. டிக்கெட்டைத் தன் டிராயருக்குள் போட்டுக்கொண்டார். அந்த டிராயரில் இந்த மாதிரி டிக்கெட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன.

சென்னைக்கு மாடல் காட்டப் போய் வந்த டிசைனர் கொடுத்த ஓட்டல் பில்லில் இரண்டு சாப்பாடு இருந்தது.

"ரெண்டாவது சாப்பாடு யாரு சாப்ட்டது?"

"நல்ல பசி சார். நானேதான் ரெண்டும்."

"சரி. ரெண்டு ஐஸ்கிரீமும் நீயேவா?"

டிசைனர் பில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பில்லோடு நின்றுவிடும் சந்தேகம் இல்லை அது. குடிக்கிற தண்ணீரைக் குடியாத்தத்தில் இருந்த தன் வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவருவார். சாயந்திரம் அலமாரியைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு மாடிப்படி இறங்குவார். பாதிப் படியில் நின்று யோசித்து, மறுபடி ஏறி வந்து நான்காவது முறை இழுப்பார். ஒரு மாதம் அவருக்குச் சம்பளம் இருநூறு ரூபாய் ஜாஸ்தியாக வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே கேஷியரிடம் போய்த் திருப்பிக் கொடுத்தார். நேர்மை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எவனோ எனக்கு கொக்கி போட்டுப் பாக்கறாம்மா."

"ஏன் சார் எல்லாரையும் இப்டி சந்தேகப்படறீங்க?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஆளுங்கள இல்லம்மா. காகிதத்த." கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே சொன்னார்: "எங்கண்ணன் ஒரு காகிதத்துலதான் எங்கிட்ட கையெழுத்து வாங்கினான்." சொல்லிவிட்டு அடுத்த பில்லைத் திருப்பினார்.

என் விஷயத்தில் மட்டும் அவர் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தார். அதற்குக் காரணம் ஐந்து ரூபாய். வேலூரில் பி.எஃப். ஆபீசுக்கு நான் போய் வந்த பில்லில் கணக்குத் தப்பாகக் கூட்டி, எனக்கு வரவேண்டியதைவிட ஐந்து ரூபாய் கம்மியாக எழுதியிருந்தேன். பச்சை மையில் அதைத் திருத்தி, "உனக்கு அஞ்சு ரூபா வரணும்மா, வாங்கிக்க" என்றார். தனக்கே கம்மியாக எழுதிக்கொண்ட ஆளை அதுவரை அவர் பார்த்ததில்லையாம். அன்றிலிருந்து என் மேஜையிலிருந்து போகும் எந்தக் காகிதத்தையும் அவர் திருப்பிப் பார்ப்பதில்லை. என் சீலைப் பார்ப்பார், டிக் போடுவார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் புது ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். சங்கத்தின் பக்கம் கையெழுத்துப் போட்டவர்களில் பல்கீஸ் ஆபாவும் ஒருவர்; அக்காவை எங்கள் ஊர் முஸ்லிம்கள் ஆபா என்பார்கள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் இருபது வருஷம் வேலை செய்தவர். ஒப்பந்தத்தின் நகலை மடித்துக் கைப்பையிலேயே வைத்திருப்பார். யாராவது ஏதாவது பேசினால் மிஷினை நிறுத்திவிட்டு அதை எடுப்பார். அதில் ஒரு ஷரத்து: கம்பெனி தன் வேலைக்காகத் தொழிலாளியை வேறு யூனிட்டுக்கு அனுப்பினால், போய்வர உண்மையில் ஆன செலவைத் திருப்பித் தர வேண்டும்.

அந்த ஷரத்துக்கு உடனே வேலை வந்தது. ராணிப்பேட்டை யூனிட்டில் ஒரு ஆர்டர் மாட்டிக்கொண்டது. இங்கிருந்து பதினைந்து பெண்களை ஆறு வாரத்துக்கு அங்கே அனுப்பினார்கள். ஆபாவும் அதில் போனார். விடியற்காலையில் ஆம்பூரில் பஸ் ஏறி, வேலூரில் இறங்கி மாறி, ராணிப்பேட்டை முத்துக்கடையில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. சாயந்திரம் அதே போலத் திரும்ப வர வேண்டும்.

முதல் வாரப் பில்கள் வந்தன. பஸ் டிக்கெட்டுக்கு எல்லாம் பச்சை டிக். ஷேர் ஆட்டோ வரும் இடத்தில் எல்லாம் சிவப்புக் கோடு. பதினைந்து பேருக்கும்.

ஆபா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேராக அவர் மேஜைக்கு வந்தார். கையில் ஒப்பந்தம்.

"இன்னா சார் இது? கோடு கோடா போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஷேர் ஆட்டோவுக்கு ரசீது எங்கம்மா?"

"ஷேர் ஆட்டோல எவன் சார் ரசீது குடுக்கறான்?"

"அதான் நானும் கேக்கறேன். முத்துக்கடைலருந்து அந்த வழியா டவுன் பஸ் போவுது. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல ஃப்ரீ. ஃப்ரீ பஸ்ல போய்ட்டு ஆட்டோன்னு எழுதினா எனக்கு எப்டித் தெரியும்?"

ஆபாவின் முகம் சிவந்துவிட்டது. "நாங்க இன்னா திருடிங்களா சார்?"

"திருடின்னு நான் சொல்லல. 'உண்மையில் ஆன செலவு'ன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உண்மைன்னு நான் எதப் பாத்து டிக் போடறது?"

ஆபா ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்தார். "வந்து பாருங்க சார். எங்ககூட வந்து பாருங்க. நாளைக்கே. மணி எழுதிக்க இதோ, டைம் ஆபீஸ் பொண்ணையும் இட்னு வாங்க."

வருவார் என்று ஆபா நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அவர் போகவும் இல்லை, அப்போது. சிவப்புக் கோடு மட்டும் வாராவாரம் விழுந்துகொண்டே இருந்தது. நான்காவது வாரம் பெண்கள் ஓவர்டைம் செய்ய மாட்டோம் என்று மிஷினை விட்டு எழுந்துவிட்டார்கள். அன்றைக்குச் சாயந்திரம் அவர் கண்ணாடித் தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"வியாழக்கெழம போலாம்மா. யாருக்கும் சொல்லாத. சொன்னா அன்னிக்கு மட்டும் ஒழுங்கா நடந்துக்குவாங்க."

இங்கே நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ராணிப்பேட்டைப் பயணத்துக்கு நான் பயந்தேன். அதற்குப் பத்து நாள் முன்பு எச்.ஆர். மேனேஜர் வேன் ஓடிய கணக்கென்று ஒரு கட்டு டிரிப் ஷீட்டோடு என் மேஜைக்கு வந்திருந்தார். ராணிப்பேட்டைக்கு இரண்டாவது பேட்ச் என்று இருபது பேர் தினமும் வேனில் போய்வருவதாகவும், வேன்காரருக்குப் பணம் போக வேண்டும் என்றும் சொன்னார். "அங்க சீல் இல்ல. நீங்க இங்க போட்டுக் குடுத்துடுங்க, சும்மா ஃபார்மாலிட்டி." என் பதிவேட்டில் இரண்டாவது பேட்ச் என்று யாரும் இல்லை. கேட்க வாய் வந்தது. ஆனால் என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரத்துக்கு வீட்டில் யாரும் கிடையாது. கணவர் ஓசூரில் வேலை. தினமும் அரை மணி முன்னால் கிளம்ப எனக்கு வாய்மொழியாக அனுமதி கொடுத்திருந்தவர் அந்த மேனேஜர்தான். டிராயரைத் திறந்து சீலை எடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு முன்பே ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவர் முந்தின நாளே வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டாராம். தோளில் ஒரு துணிப்பை, அதில் தண்ணீர் பாட்டில், கையில் நோட்டு. எங்களைப் பார்த்ததும் பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். வேலூர் வரைக்கும் யாரும் அவரிடம் பேசவில்லை. அவரும் யாரிடமும் பேசவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது மட்டும் ஒவ்வொருவர் கையையும் எட்டி எட்டிப் பார்த்தார்.

முத்துக்கடையில் இறங்கும்போது மணி எட்டு. அங்கே யூனிட்டின் மணி எட்டரைக்கு அடிக்கும். டவுன் பஸ்ஸுக்கு நிற்கலாம் என்றார் அவர். ஆபா ஒதுங்கி நின்றார். எட்டு இருபத்திரண்டுக்குப் பஸ் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து பேர் ஏறுவதற்கு ஒரு கால் வைக்கவும் இடமில்லை. அவர் நடத்துநரிடம் ஓடிப்போய், தொழிற்பேட்டை ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டார். "ஊரச் சுத்திப் போவுது சார், எட்டே முக்கா, எட்டம்பது ஆவும்." நோட்டில் எழுதிக்கொண்டார்.

"லேட்டா போனா அரை நாள் சம்பளம் கட் சார்" என்றாள் சரளா என்ற பெண். பதினைந்து பேரில் அவள்தான் சின்னவள். "தெனம் அரை நாள் போனா, ஃப்ரீ பஸ்ஸு எனக்கு ரொம்ப காஸ்ட்லி சார்."

அவர் நோட்டை மூடினார். இரண்டு ஷேர் ஆட்டோக்களில் ஏறினோம். எங்கள் வண்டியில் முன்னால் டிரைவரோடு இருவர், பின்னால் ஏழு பேர். அவர் நடுவில் மாட்டிக்கொண்டார். முழங்கால் நெஞ்சைத் தொட்டது. சரளாவின் டிபன் பை அவர் மடியில், ஆபாவின் முழங்கை அவர் விலாவில். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது அவருடைய கண்ணாடி நெற்றியிலிருந்து விழுந்து, ஆபாதான் பிடித்துக் கொடுத்தார். இறங்கியதும் பர்ஸை எடுத்து, தன் பங்கையும் என் பங்கையும் கொடுத்துவிட்டு டிரைவரிடம் கேட்டார்:

"ரசீது இருக்குமா தம்பி?"

"ரசீதா? இன்னா சார், காலங்காத்தால பேஜார் பண்ணிகினு" என்று அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதோடு திரும்பியிருந்தால் கதை வேறு. பெண்கள் உள்ளே போன பிறகு, அவர் கேட்டிலிருந்த வாட்ச்மேனிடம் போனார்.

"அந்த வேன் எத்தன மணிக்கு வரும்பா?"

"எந்த வேனு?"

"ரெண்டாவது பேட்ச். ஆம்பூர்லருந்து இருவது பேர வேன்ல கொண்டாந்து விடறாங்களே."

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்பூர் ஆளுங்கன்னா இப்பப் போச்சே, இந்தப் பதினஞ்சு பொம்பளைங்கதான் சார். வேனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

அவர் நோட்டைத் திறந்தார். எழுதவில்லை. மூடினார். வெயில் என்று சொல்லி மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

திரும்பும் வழியில் வேலூர் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். ஆபீசுக்கு வந்ததும் ஃபைலை எடுத்தார். வேன் பில் எல்லாவற்றிலும் வேன்காரரின் ரசீது இருந்தது, மேனேஜரின் கையெழுத்து இருந்தது, டிரிப் ஷீட் இருந்தது, என் சீல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய பச்சை டிக் இருந்தது. ஷேர் ஆட்டோ காசுக்குப் பதினைந்து பெண்களை நாலு வாரம் அலையவிட்டவர், அந்தப் பெரிய தொகையை ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டிருந்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார். ஒரு தாளை என் முன்னால் வைத்தார்.

"இது உன் சீல்தானேம்மா?"

"டைம் ஆபீஸ் சீல் சார். டேபிள் மேலதான் கெடக்கும். யாரு வேணா எடுத்துப் போட்டிருக்கலாம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி" என்று தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முத்துக்கடையில் பார்த்தது, பஸ் வந்த மணி, ஆட்டோ, வாட்ச்மேன் சொன்னது. "வேன் ஓடவில்லை என்று தெரிகிறது. அந்தப் பில்லைச் சரிபார்க்காமல் டிக் போட்டது என் தவறு. அதில் டைம் ஆபீஸ் சீல் இருக்கிறது, போட்டது யார் என்று எனக்குத் தெரியாது." அவ்வளவுதான் கடிதம்.

மேனேஜர் சும்மா இருக்கவில்லை. வேன்காரர் குடியாத்தம், டிக்கெட் சாரும் குடியாத்தம் என்பதை அவர் கண்டுபிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம், தன்னிடமும் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், மாட்டிக்கொள்ளும் நேரத்தில் நல்லவன் வேஷம் என்று மேலே சொன்னார். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று டிக்கெட் சாருக்குத் தாள் கொடுத்தார்கள். அன்றைக்கும் அலமாரியைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். சாவியைக் கேஷியரிடம் கொடுக்கும்போது அதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கம்பெனியே ஒரு தினுசாகச் சந்தோஷப்பட்டது. "பத்து ரூவாக்கு நம்மள அந்தக் கொடை கொடைஞ்சவன், எவ்ளோ பெருசா முழுங்கியிருக்கான் பாரு" என்று ஃபிட்டர் கேன்டீனில் சொன்னார். டிசைனர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். தண்ணீர் பாட்டில், அலமாரிப் பூட்டு, இருநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது எல்லாவற்றுக்கும் இப்போது வேறு அர்த்தம் சொன்னார்கள். திருடனுக்குத்தானே எல்லோர் மேலும் சந்தேகம் வரும் என்றார்கள். நான் தலையாட்டினேன். மேனேஜர் என் அரை மணி அனுமதியை எழுத்து மூலமாகவே கொடுத்துவிட்டார். அந்தத் தாளை வாங்கும்போது, அதையும் ஒரு கொக்கி என்றுதான் நினைத்தேன். வாங்கிக்கொண்டேன்.

பத்தொன்பது நாள். வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது கை நின்றுவிடும். யார் ஆபீசுக்குள் வந்தாலும் எனக்காகத்தான் வருகிறார்கள் என்று தோன்றும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் என்னைப் பற்றி என்று தோன்றும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி.

விசாரணைக்கு வேலூரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். சீலைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே போகும் முன் வராந்தாவில் ஆபா நின்றிருந்தார். சங்கத்தின் சார்பில் வந்திருந்தார்.

"எனக்கு அந்த ஆள சுத்தமாப் புடிக்காது" என்றார் ஆபா. "ஆனா இத்தினி வருஷத்துல ஆபீஸ்லருந்து ஒருத்தர் எங்க பக்கத்துல ஆட்டோல உக்காந்து வந்தாருன்னா அது அவருதான். பொய் சொல்றவரு எதுக்கு அவ்ளோ தூரம் வந்து நசுங்கணும், சொல்லு?"

உள்ளே போனேன். நீள மேஜையின் ஒரு பக்கம் மேனேஜர். எதிர்ப்பக்கம் அவர், அதே வெள்ளைச் சட்டை, கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரிப் ஷீட்டுகளில் இருக்கிற சீலை யார் போட்டது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று வக்கீல் கேட்டார்.

தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். பத்தொன்பது நாள் பயந்து பயந்து, இனிப் பயப்படத் தெம்பில்லை என்கிற நிலைமை அது.

"நான்தான் சார் போட்டேன்."

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "யாரு சொல்லி?" என்று வக்கீல் கேட்டார். சொன்னேன். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை தாள், என்ன சொல்லிக் கொடுத்தார், நான் ஏன் போட்டேன். அரை மணி அனுமதியையும் சொன்னேன். எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேஜை மேல் வைத்தேன். டிக்கெட் சார் அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பில் பார்க்கும்போது இருக்கிற முகம்தான்.

மேனேஜர் சொந்தக் காரணங்களுக்காக விலகிவிட்டதாக நோட்டீஸ் போர்டில் போட்டார்கள். வேன்காரரிடம் பணம் திரும்ப வந்ததா என்று எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்குப் பதினைந்து நாள் சம்பளமில்லாமல் சஸ்பென்ஷன், அந்த வருஷ இன்கிரிமென்ட் கிடையாது, அரை மணி அனுமதியும் போயிற்று. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்தேன். பதினைந்து பெண்களுக்கும் முதல் நாளிலிருந்து ஷேர் ஆட்டோ காசு வந்து சேர்ந்தது.

அவர் வேலைக்குத் திரும்பினார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. என்னோடு பேசுவார். தேவையானதைப் பேசுவார். "இன்னாம்மா" என்பார். அதற்கு மேல் நானும் போகவில்லை.

அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையின்போது அந்த ஷரத்தைத் திருத்தி எழுதும் வேலையை நிர்வாகம் அவரிடம் கொடுத்தது. டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. அவர் நின்றுகொண்டே சொல்லச் சொல்ல அடித்தேன். ரசீது கிடைக்காத போக்குவரத்துக்குத் தொழிலாளி தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதே போதுமானது. நான் விரலை நிறுத்திவிட்டேன்.

"சார், நெசமாவா? ரசீது வேணாமா?"

"அந்த ஃபைல்ல ஒரு ரசீதும் கொறையாம இருந்தது எந்த பில்லும்மா?" என்றார். "வேன் பில்லு. அடி, அடி."

ஆபா அந்த வரியை மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இதில் எங்கே சூது இருக்கிறது என்று அவரும் தேடியிருப்பார்.

மறு வருஷம் அவர் ரிட்டையர் ஆகிப் போனார். போன பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளுக்கு முன்னாலயே தெரியும், தெரியுமா?"

"எது ஆபா?"

"சீல் போட்டது நீதான்னு. சஸ்பென்ட் ஆன வாரம் சங்கத்து ஆளுங்களோட அவரு வூட்டுக்குப் போனேன், கேக்கறதுக்கு. அப்ப சொன்னாரு. 'அந்தப் பொண்ணு சீல டிராயர்ல வெச்சிப் பூட்டாம டீ குடிக்கக்கூட எழுந்து போவாது. ஒம்பது வருஷமா கண்ணாடி வழியா பாத்துகினு இருக்கேன். டேபிள் மேல கெடக்கும்னு சொல்லுது'ன்னாரு. அப்ப அவ பேர சொல்லிட வேண்டியதுதானே சார்னு கேட்டேன். கைய ஆட்டி வேணாம்னுட்டாரு. எங்களையும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். என்னைக் காப்பாற்றினாரா? இல்லை, நான் எத்தனை நாள் தாங்குகிறேன் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாரா? அந்தப் பத்தொன்பது நாளும் எனக்குக் கொடுத்த அவகாசமா, போட்ட தூண்டிலா? ராத்திரி எழுந்து உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்கு அது என்னைப் பிடித்துக்கொண்டது. சந்தேகம் அவரிடமிருந்து எனக்குத் தொற்றிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

சில மாதம் கழித்துக் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். லுங்கியும் பனியனுமாக இருந்தார். அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அவர் மனைவி டீ கொடுத்தார். சார் என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார், பெரியவன் கணக்கில் எப்படி என்று கேட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்க வந்தது வாய்க்கு வரவில்லை. கிளம்பியபோது பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார்.

பஸ் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், கேட்டேன்.

"சார், சீல் போட்டது நான்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சாமே. நானா வந்து சொல்லுவேன்னு நெனச்சீங்களா?"

அவரும் பஸ் வரும் வழியைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "நீ சொல்லமாட்டேன்னுதான் நெனச்சேன்."

அது எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது.

"அப்ப ஏன் சார் லெட்டர்ல எம்பேர எழுதல?"

"நீ போட்டத நான் கண்ணால பாக்கலியேம்மா. நெனச்சதயெல்லாம் எழுதிட முடியுமா?"

பஸ் வந்து நின்றது. "ஏறும்மா, சீட்டு காலியா இருக்கு" என்றார். ஏறினேன்.